பதினெட்டு அடிக்குக் குறையாமல்

ஸ்கோக்லண்ட் மாவட்டத்துப் பள்ளிப் பேருந்து ஒவ்வொன்றிலும், ரேடியோவிலிருந்து ஆன்டெனா வரை செல்லும் கேபிள் பதினெட்டு அடி நீளம் இருத்தல் வேண்டும். ஓர் அங்குலம் குறைதலும் ஆகாது, கூடுதலும் ஆகாது. இது விதி. விதி எதற்காக என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. கேட்பது மரியாதையில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவை வைத்திருக்காதவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முதலில் லாரிக்காரர்கள் வைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பிறகு லாரியே இல்லாதவர்கள் வைத்தார்கள். பாதிரியார் வைத்தார், 'வெள்ளை மேய்ப்பன்' என்று தமக்குத் தாமே அழைப்புப் பெயர் சூட்டிக்கொண்டார். முடிதிருத்துபவர் 'தங்கக் கத்திரி' ஆனார். சவ ஊர்தியின் கூரையிலும் ஓர் ஆன்டெனா முளைத்தது. பின்னால் படுத்திருப்பவர் யாரைக் கூப்பிடப் போகிறார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. சமையலறையில் நிற்கும் மனைவி, நாற்பதடி தள்ளித் தொழுவத்தில் நிற்கும் கணவனை ரேடியோவில் கூப்பிட்டுச் சாப்பிட வரச் சொன்னாள். முன்பெல்லாம் ஜன்னலைத் திறந்து கத்துவாள். அது நாகரிகம் வராத காலம்.

ஊரே இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது பள்ளி வாரியம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்குமா? பதினொரு பேருந்துகளுக்கும் ரேடியோ வாங்கியது. அவற்றை மேற்பார்வையிட வால்டமர் க்விஸ்ட் என்பவரை வானொலித் தொடர்பு ஒருங்கிணைப்பாளராக நியமித்தது. க்விஸ்ட் அதுவரை சாக்பீஸ், தரை மெழுகு, துடைப்பம் ஆகிய மூன்றையும் கவனித்துவந்தார். மூன்றைப் பற்றியும் யாரும் புகார் சொன்னதில்லை. ஆகவே அவருக்கு ரேடியோ தெரிந்திருக்கும் என்று வாரியம் ஒருமனதாக முடிவு செய்தது.

பதினெட்டு அடி என்னும் உண்மை அவருக்கு ஒன்பதாம் எண் பேருந்தில் தரிசனம் தந்தது. புதுப் பெயின்ட் கீறிவிடக் கூடாதே என்று, மற்றப் பேருந்துகளைப் போலவே அந்தப் பேருந்தின் ஆன்டெனாவுக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்துப் பக்கக் கண்ணாடிக் கம்பியில் மாட்டியிருந்தார்கள். ஆன்டெனா என்பது வண்டியின் இரும்பைத் தொட்டு நின்றால்தான் ஆன்டெனா. ரப்பர்மேல் நின்றால் குச்சி. ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பிவரும் சக்தியைக் காட்டும் க்விஸ்டின் மீட்டரில் ஊசி சிவப்புக்கு ஓடியது. அவர் ரப்பரைப் பார்க்கவில்லை, ஊசியைப் பார்த்தார். ஒன்பது அடி கேபிளைக் கழற்றிப் பன்னிரண்டு போட்டார். ஊசி கொஞ்சம் இறங்கியது. பதினைந்து போட்டார். இன்னும் இறங்கியது. பதினெட்டில் ஊசி தலைகுனிந்து பச்சையில் உட்கார்ந்துவிட்டது. எடை இயந்திரத்தில் ஏறி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் முள்ளும் இறங்கத்தான் செய்யும், உடம்பு இறங்காது. ஆனால் படிவத்தில் முள்ளுக்குத்தான் கட்டம் இருந்தது. படிவத்தில் மொத்தம் முப்பத்தொரு கட்டங்கள். பேசினால் எதிர்முனையில் கேட்கிறதா என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் க்விஸ்ட் ஆறாம் எண் பேருந்தைப் பரிசோதிக்க வந்தார். அதை ஓட்டுபவள் ஆர்லிஸ் ட்வெட். பதினொரு வருஷமாக அதே வழித்தடம், மண் சாலை, இருபத்திரண்டு பிள்ளைகள். பேருந்து அவள் வீட்டு முற்றத்திலேயே நிற்கும். ஆர்லிஸிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்து முழுக்கப் படித்துவிடுவாள். அதைப் படித்துத்தான் கூரைப் பெயின்ட்டைச் சுரண்டி, ஆன்டெனாவை நேரே இரும்பில் முடுக்கி, தேவைப்பட்ட அளவுக்குக் கேபிளை நறுக்கி மாட்டியிருந்தாள்.

க்விஸ்ட் நாடாவை எடுத்து அளந்தார். மறுபடி அளந்தார்.

"என்னம்மா இது, ஒம்போது அடிதான் இருக்கு?" என்றார், யாரோ தவறிவிட்ட சேதி கேட்டவர் குரலில்.

"ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல அவ்வளவுதான் தூரம் சார். மிச்சத்தை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? வேலையில்லாத கேபிள் வேலையில்லாத மாப்பிள்ளை மாதிரி, சீட்டுக்கடியில சுருண்டு கிடக்கும்."

"விதி பதினெட்டு."

"மீட்டரை வெச்சுப் பாருங்களேன்."

வைத்தார். ஊசி அசையவே இல்லை. பச்சையின் கோடியில் படுத்திருந்தது. க்விஸ்ட் மீட்டரை ஒரு தட்டுத் தட்டினார். ஊசி எழுந்திருக்கவில்லை.

"ஊசி நல்லாத்தான் இருக்கு," என்று ஒப்புக்கொண்டார். "ஆனா நல்லா இருக்கறதுக்கு அதுக்கு அதிகாரம் இல்லை."

"சார், கேபிள்ங்கறது குழாய் மாதிரி. கிணத்துல தண்ணி இருந்தா குழாய் எத்தனை அடின்னு யாரும் கேக்க மாட்டாங்க. கிணறே வறண்டிருந்தா, குழாயை நீட்டிக்கிட்டே போனா தண்ணி வருமா?"

"கிணறு வேற துறைம்மா. பத்திரிகையில போட்டிருக்கான், இந்த அலையில பாதி சரியா பதினெட்டு அடி. அதான் கணக்கு."

"அது காத்துல போற அலை. கேபிளுக்குள்ள அலை மெதுவாப் போகும், அப்போ பாதி பன்னெண்டு அடிதான் வரும். உங்க கணக்குப்படியே பார்த்தாலும் பதினெட்டு வரலையே?"

"கேபிளுக்குள்ள அலை மெதுவாப் போகுதா வேகமாப் போகுதான்னு நீங்க உள்ளே போய்ப் பார்த்தீங்களா?"

"நீங்க வெளியே போய்ப் பார்த்தீங்களா?"

க்விஸ்ட் இதைப் படிவத்தில் எழுதக் கட்டம் தேடினார். இல்லை. ஆர்லிஸ் பேச்சை வளர்க்காமல் மைக்கை எடுத்துப் பதினான்கு மைல் தள்ளியிருந்த பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அங்கே ரேடியோவில் உட்கார்ந்திருப்பவள் பெர்னடீன், ஆர்லிஸின் நாத்தனார்.

"சொல்லுங்க அண்ணி," என்றது பெர்னடீனின் குரல், பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல. "சாயங்காலம் வரும்போது அந்தக் கேக் தட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க, மறந்துடாதீங்க."

ஆர்லிஸ் க்விஸ்டைப் பார்த்தாள். க்விஸ்ட் தாடையைத் தடவினார்.

"இவ்வளவு தெளிவாக் கேக்கறதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. மத்த பத்து பஸ்லயும் இப்படிக் கேக்கறதில்லை. பத்தும் ஒரே சீரா இருக்கு, இது மட்டும் சீர் தப்பி இருக்கு. சீர் தப்பறதுதானே குறைபாடு?"

"சரி, அந்தப் பதினெட்டு அடியைக் கொடுங்க, மாட்டித் தொலைக்கறேன்."

"மாவட்ட முத்திரை போட்ட கேபிள் ஜனவரியிலதான் வரும். நீங்களா வாங்கி மாட்டினா முத்திரை இருக்காது."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் உங்க பஸ் இல்லை."

"இதோ நிக்குதே சார்!"

"நிக்குது," என்றார் க்விஸ்ட் பெருந்தன்மையாக. "ஆனா இல்லை."

நவம்பர் பதினாறிலிருந்து ஆர்லிஸின் இருபத்திரண்டு பிள்ளைகளும், தன் பிள்ளைகளை இறக்கிவிட்டு இரண்டாம் நடை ஓடும் ஒன்பதாம் எண் பேருந்துக்கு மாற்றப்பட்டார்கள். அதை ஓட்டியவர் ஆரின் ஸ்டென்ஸ்ருட், வெண்ணெய்ப் பண்ணையில் ஓய்வு பெற்றவர், பூனைக்கும் வழிவிடுகிற மனிதர். இதில் இன்னொரு விதியும் இருந்தது: முப்பது நாள் தொடர்ந்து வழித்தடத்தில் ஓட்டாதவர், அந்த வழித்தடத்தை இழந்தவராகக் கருதப்படுவார். கேபிள் ஜனவரியில் வரும். முப்பது நாள் டிசம்பர் பதினைந்தில் முடியும். இந்த இரண்டு தேதிகளையும் ஒரே சுவரில், ஒரே நாட்காட்டியில் பார்த்தபடிதான் க்விஸ்ட் தினமும் காபி குடித்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆர்லிஸ் தினமும் காலையும் மாலையும் தன் பேருந்தில் ஏறி, எஞ்சினைச் சூடாக்கி, ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஓட்டக் கூடாது என்றுதான் உத்தரவு. உட்காரக் கூடாது என்று யாரும் எழுதவில்லை.

இருபத்தெட்டாம் நாள் மதியம் பனிப்புயல் அடித்தது. பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு ரேடியோவில் ஒரு கரகரப்பு. வறுகடலை பொரிகிற மாதிரிச் சத்தத்துக்கு நடுவே, இரண்டே மைல் தள்ளி இருந்ததால், ஆர்லிஸுக்குத் துண்டு துண்டாகக் கேட்டது.

"...ஒம்போதாம் நம்பர்... லின்ட்கிரென் பள்ளம்... சாய்ஞ்சு... பிள்ளைங்க..."

உடனே பெர்னடீனின் தேன் குரல்: "பத்து-நாலு ஆரின், ரொம்ப சந்தோஷம்!"

"நன்றிம்மா," என்றது கரகரப்பு. அப்புறம் நிசப்தம்.

'கேட்டேன், சரி' என்பதற்கு ரேடியோக்காரர்கள் பத்து-நாலு என்பார்கள். எங்கள் ஊரில் அது கொஞ்சம் பெருகி, வணக்கம், நன்றி, பரவாயில்லை, கேட்கவில்லை ஆகிய நான்குக்கும் அதையே சொல்வார்கள். ஒருவர் மெனக்கெட்டுப் பேசும்போது 'புரியலையே' என்று சொல்வது அவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். பெர்னடீன் நல்ல குடும்பத்துப் பெண். மூன்று மாதமாகப் பத்துப் பேருந்துகளின் இரைச்சலுக்கும் தப்பாமல் பத்து-நாலு சொல்லிவந்தாள். பதில் கிடைத்த விகிதம் நூற்றுக்கு நூறு என்று க்விஸ்ட் அறிக்கையில் எழுதியிருந்தார்.

ஆர்லிஸ் மைக்கைப் பிடுங்கினாள். "பெர்னடீன்! ஆரின் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே அண்ணி."

"என்ன சொன்னார்?"

"ஏதோ... சொன்னார் அண்ணி."

"பஸ் பள்ளத்துல சாய்ஞ்சு கிடக்குன்னு சொன்னார்டி! உள்ளே இருபத்திரண்டு பிள்ளைங்க! நீ ரொம்ப சந்தோஷம்ங்கற!"

"ஐயோ! வயசானவர் அண்ணி, மூணு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

அதற்குள் மைக் கை மாறியது. க்விஸ்டின் குரல் வந்தது. "இந்த அலைவரிசையில பேசறது யாரு?"

"யாருன்னு தெரியாதா உங்களுக்கு? பனி அள்ற வண்டியை அனுப்புங்க சார், லின்ட்கிரென் பள்ளத்துக்கு!"

"மிஸஸ் ட்வெட், உங்க ரேடியோ சேவையில இல்லை. சேவையில இல்லாத ரேடியோவிலேர்ந்து செய்தி வர முடியாது. வந்தாலும் வந்ததாகாது."

"அப்போ இப்ப நீங்க யாருக்குப் பதில் சொல்லிட்டிருக்கீங்க?"

க்விஸ்ட் யோசித்தார். நேர்மையான மனிதர். "யாருக்கும் இல்லை," என்றார். "விதியைச் சத்தம் போட்டுப் படிச்சுட்டிருக்கேன்."

ஆர்லிஸ் மைக்கை வைத்தாள். பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரங்களில் சங்கிலி ஏற்கெனவே பூட்டியிருந்தது. 'இல்லாத' பேருந்தைக் கிளப்பிக்கொண்டு முற்றத்தைத் தாண்டினாள்.

முன்னால் எஞ்சின் மூடியே கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனியில் இரண்டு மைலுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. ஒன்பதாம் எண் வண்டி வயலோரப் பள்ளத்தில் ஒருக்களித்துப் படுத்த பசு மாதிரிக் கிடந்தது. புகைக்குழாய் பனிக்குள் புதைந்துவிட்டதால், புகை உள்ளே வந்துவிடும் என்று ஆரின் எஞ்சினை அணைத்திருந்தார். அது ஒன்று சரியாகச் செய்தார். உள்ளே மூச்செல்லாம் ஜன்னலில் உறைந்து கிடந்தது. சின்னப் பிள்ளைகளின் உதடுகள் நாவற்பழம் தின்ற நிறத்துக்குப் போயிருந்தன. நடுவில் ஆரின் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா ஆர்லிஸ். பெர்னடீன் சொல்லி அனுப்பிச்சாளா?"

"ஆரின், ஒரே ஒரு தடவை கூப்பிட்டுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கீங்களே! இன்னொரு தடவை கூப்பிட்டா என்ன?"

ஆரின் வெட்கப்பட்டார். "அவதான் பத்து-நாலுன்னு சொல்லிட்டாளே. மறுபடி கூப்பிட்டா அவளை நம்பாத மாதிரி ஆயிடாதா?"

இழுவைக் கயிற்றை இரண்டு பேருந்துக்கும் நடுவே கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆர்லிஸ் இருமுறை எண்ணினாள். இருபத்திரண்டு. மூன்று ஐம்பத்தைந்துக்கு எல்லோரும் ஆறாம் எண் பேருந்தில் இருந்தார்கள். அவள் அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. அவளிடமிருந்துதான் செய்தி வர முடியாதே.

முப்பதாவது நாள், பள்ளி உணவுக்கூடத்தில் விசாரணை. காபி இருந்தது, எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் இருந்தன. தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டை எடுக்க யாருக்கும் மனம் வராமல், ஒவ்வொருவரும் அதைப் பாதியாக வெட்டிப் பாதியை வைத்துவிட்டுப் போக, கூட்டம் தொடங்கும்போது அது சுண்டு விரல் நகத்தளவு ஆகியிருந்தது.

வாரியத் தலைவர் படித்தார்: "பதிமூன்றாம் தேதி, மூன்று பத்துக்கு, ஒன்பதாம் எண் பேருந்திலிருந்து அழைப்பு. மூன்று பத்துக்கே பதில். மூன்று ஐம்பத்தைந்துக்குக் குழந்தைகள் அனைவரும் பாதுகாப்பாக வெளியேற்றம். நமது தொடர்பு முறை சோதனையில் சிறப்பாகத் தேறியிருக்கிறது."

ஆர்லிஸ் எழுந்தாள். "தலைவரே, எந்த முறையும் தேறல. ஆரின் சொன்னது அலுவலகத்துல ஒரு வார்த்தைகூடக் கேக்கல. பெர்னடீனையே கேளுங்க."

பெர்னடீன் கைக்குட்டையைப் பார்த்தாள். "நல்லாத்தான் கேட்டுச்சு," என்றாள் மெல்ல, ஆரின் மனம் நோகக் கூடாது என்று. ஆரின் நன்றியோடு தலையசைத்தார்.

க்விஸ்ட் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். "மிஸஸ் ட்வெட், ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு ஆரின் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

ஆர்லிஸ் வாயைத் திறந்தாள். அப்போதுதான் பள்ளம் கண்ணில் பட்டது, ஆரினுக்குப் பட்ட மாதிரியே விழுந்த பிறகு. கேட்டது என்றால் பதினெட்டு அடி ரேடியோ வேலை செய்கிறது. கேட்கவில்லை என்றால், தடை செய்த பேருந்தை எடுத்துக்கொண்டு அவள் புயலில் எங்கே ஊர் சுற்றப் போனாள்?

"கேட்டுச்சு," என்றாள். "ஏன்னா என்னோட..."

"கேட்டுச்சாம்," என்று க்விஸ்ட் கூடத்தைப் பார்த்துச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கூடம் கைதட்டியது. உண்மையைச் சொன்ன ஒரே ஆளுடைய சாட்சியம்தான் அந்த விதிக்குக் கிடைத்த ஒரே ஆதாரம்.

தலைவர் தீர்மானத்தைப் படித்தார். பதினெட்டு அடி இத்தனை உயிர்களைக் காத்திருப்பதால், முப்பத்தாறு அடி இரட்டிப்பாகக் காக்கும் என்பது வெளிப்படை. ஆகவே கையிருப்பு வந்ததும் இரண்டிரண்டு கேபிள்களை இணைத்து எல்லாப் பேருந்துகளிலும் பொருத்த வேண்டியது. மேலும், துணிவைப் பாராட்டி, மிஸஸ் ட்வெட்டுக்கு ஆறாம் எண் வழித்தடத்தை உடனே திருப்பித் தர வேண்டியது. இரண்டும் ஒரே தீர்மானம்.

"வழிமொழிபவர்?"

யாரும் கை தூக்கவில்லை. அவள் சம்பந்தப்பட்டது, அவளே வழிமொழியட்டும் என்று எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஆர்லிஸ் மேஜைமேல் கையெழுத்தாகாமல் கிடந்த ஆறாம் எண் வழித்தடத் தாளைப் பார்த்தாள். இருபத்திரண்டு பெயர்கள் அதில் இருந்தன. அவள் கையைத் தூக்கினாள்.

ஜனவரியில் முப்பத்தாறு அடி பொருத்தப்பட்டது. அதற்கடுத்த வாரம் ஆரின் ஒரு தட்டு இலவங்கப்பட்டை ரொட்டியோடு ஆர்லிஸின் பின்கட்டுக் கதவைத் தட்டினார்.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு," என்று ஆரம்பித்தார்.

"நல்லா இருந்தா ஏன் வந்தீங்க?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு. கேக்கத்தான் மாட்டேங்குது."

ஆர்லிஸ் அவர் பேருந்தின் ரப்பரைப் பிடுங்கி எறிந்தாள், பெயின்ட்டைச் சுரண்டினாள், ஒன்பது அடியை நறுக்கி மாட்டினாள். மிச்சம் இருபத்தேழு அடியை இரண்டு முனையும் எதிலும் சேராமல் சீட்டுக்கடியில் பரப்பி, முத்திரை வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க." ஆரின் விடவில்லை. ஆனாலும் அடுத்த வியாழன் இன்னொருவர் வந்தார், ஆப்பிள் கேக்கோடு. அப்புறம் இன்னொருவர். பிப்ரவரி முடிவதற்குள் பத்துப் பேருந்துகளும் பின்கட்டு வழியாக வந்து போயின. தனக்கு மட்டும்தான் இந்த ரகசியம் தெரியும் என்று பத்துப் பேரும் நம்பினார்கள். ஆர்லிஸின் புருஷன் எல்ராய் நாலு கிலோ எடை கூடினான்.

பெர்னடீனுக்கு முதல்முறையாக ஓட்டுநர்கள் பேசுவது கேட்க ஆரம்பித்தது. இத்தனை நாள் அவர்கள் தன்னிடம் ரொட்டி, பாதை, பிரேக், முதுகுவலி எல்லாவற்றையும் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்து அவள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள்.

பேச்சுத் தெளிவைக் காட்டக் க்விஸ்ட் புதிதாகப் போட்ட வரைபடத்தில் கோடு ஏணிபோல ஏறியது. முப்பத்தாறு அடியின் மகிமையைப் பார்க்கப் பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து சீட்டுக்கடியில் குனிந்து பார்த்து, தலையாட்டி, குறித்துக்கொண்டு போனார்கள். க்விஸ்டுக்கு மரத்தில் பதித்த பித்தளைத் தகடு கிடைத்தது.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பின்கட்டுக் கதவை மறுபடி யாரோ தட்டினார்கள். க்விஸ்ட். கையில் தொப்பி. பலகாரம் எதுவும் இல்லை.

"இது அலுவல் சம்பந்தமா இல்லம்மா. என் சொந்தக் கார். பெயின்ட் கீறாம ரப்பர் வெச்சு, முப்பத்தாறு அடி, விதிப்படி, துளி பிசகில்லாம மாட்டியிருக்கேன். ஊசி பச்சையில இருக்கு. ஆனா..." குரலைத் தாழ்த்தினார். "சத்தம் தெரு முனையைத் தாண்ட மாட்டேங்குது. பஸ் எல்லாம் அவ்வளவு தெளிவா இருக்கு. என்னோடது மட்டும் ஏன்?"

'ரப்பரை எடுங்க' என்ற இரண்டு சொல் ஆர்லிஸின் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் மனுஷி. இருபத்தெட்டு நாள் நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்தவள்.

"முப்பத்தாறு பத்தாது சார்," என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "உங்க பதவிக்கு ஐம்பத்துநாலு அடியாவது வேணும். சுருட்டாதீங்க, மடிக்காதீங்க. தனி சீட்டு போட்டு உட்கார வைங்க."

க்விஸ்டின் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

அன்று சாயங்காலம் வரை ஆர்லிஸ் சிரித்தாள். சாப்பாட்டு மேஜையில் எல்ராயிடம் நடித்துக் காட்டினாள். எல்ராயும் சிரித்தான். அப்புறம் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அவன் எழுதிக்கிட்டானா?"

"எழுதிக்கிட்டார்."

"ஐயோ, ஆர்லிஸ்," என்றான் எல்ராய்.

ஏப்ரலில் சுற்றறிக்கை வந்தது. 'துறைசார் நிபுணர் ஒருவரின் ஆலோசனையின் பேரில், மாவட்டப் பள்ளிப் பேருந்துகள் அனைத்திலும் கேபிளின் நீளம் ஐம்பத்துநான்கு அடியாக உயர்த்தப்படுகிறது. கேபிளைச் சுருட்டுதலோ மடித்தலோ மிதித்தலோ கூடாது. அதன் பொருட்டுக் கடைசி இருக்கை கேபிளுக்கென ஒதுக்கப்படுகிறது. அவ்விருக்கையில் அமர்ந்துவரும் மாணவர்கள் தங்கள் சொந்த ஏற்பாட்டில் பள்ளிக்கு வந்து சேருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

ஆர்லிஸ் அதை மூன்று முறை படித்தாள். வாரியத்துக்குப் போய், அது நான் அளந்துவிட்ட பொய் என்று சொல்லலாம். எந்தப் பொய் என்று கேட்பார்கள். அப்புறம் பதினொரு பேருந்தின் சீட்டுக்கடியிலும் குனிந்து பார்ப்பார்கள். எதிலும் சேராத இருநூற்றுத் தொண்ணூற்றேழு அடி கேபிள் வெளியே வரும். பதினொரு வழித்தடமும் போகும். ரப்பர் வளையங்கள் திரும்ப வரும்.

அவள் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டாள்.

ஆறாம் எண் வழித்தடத்தின் கடைசி வீடு ரூட் குடும்பத்தின் பண்ணை. ஏழு வயது இரட்டையர், கடைசி இருக்கை அவர்களுடையது. திங்கட்கிழமை காலை ஆர்லிஸ் அந்த வாசலில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகள் முதுகுப் பையோடு அம்மா பின்னால் நின்றார்கள்.

"பரவாயில்ல ஆர்லிஸ்," என்றாள் மிஸஸ் ரூட். "காரை அவர் எடுத்துட்டுப் போயிடுவார். ட்ராக்டர் இருக்கு, பன்னெண்டு மைல்தானே, நான் கொண்டுவந்து விட்டுடறேன். யாரோ நிபுணராமே, அவர் சொன்னாராம்? படிச்சவங்க காரணமில்லாமலா சொல்வாங்க. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

"ஆமா," என்றாள் ஆர்லிஸ்.

கதவை மூடி, கியரைப் போட்டாள். கடைசி இருக்கையில் ஐம்பத்துநாலு அடி கேபிள், சரிந்து விழாமல் கயிறு போட்டுக் கட்டி, ஜன்னலோரமாக உட்கார்ந்து பள்ளிக்கூடம் போயிற்று. பின்னால் வெகு தூரத்தில், உருகும் சேற்றில் ட்ராக்டர் ஒன்று புறப்படும் சத்தம் கேட்டது.